ஒரு மணி நேரம்... ஓர் உயிர்!

ஒரு மணி நேரத்தில் என்னவெல்லாம் செய்யலாம், குட்டீஸ்? தெருவில் ஒரு கிரிக்கெட் மேட்ச் ஆடி முடித்து விடலாம். டி.வி.,யில் இரண்டு கார்ட்டூன் பார்த்து விடலாம். தஞ்சாவூரில் பஸ் ஏறினால், கும்பகோணத்தை நெருங்கி விடலாம். வீட்டுப்பாடம் மட்டும் முடிந்திருக்காது!

அதே ஒரு மணி நேரத்தில், ஓர் உயிரையும் காப்பாற்றி விடலாம். எப்படி என்று பார்ப்போமா?

விபத்தில் பலத்த அடிபட்டவருக்கு, முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். இதை, 'பொன்னான நேரம்' என்கின்றனர் டாக்டர்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய ஆடம்ஸ் கவுலி என்ற அறுவை சிகிச்சை டாக்டர் தான், இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பினார். 60 நிமிடம் முடிந்ததும், எல்லாம் முடிந்து விட்டது என்று அர்த்தமில்லை. சிலருக்கு, 10 நிமிடத் தாமதமே ஆபத்து. சிலருக்கு, இன்னும் நேரம் இருக்கும். எவ்வளவு சீக்கிரமோ, அவ்வளவு நல்லது என்பது தான் இதன் பொருள்.

வயல் நாட்டில் என்ன விபத்து?

காவிரி டெல்டா என்றதும் பச்சை வயலும், வாய்க்காலும் தான் நினைவுக்கு வரும். அங்கே என்ன விபத்து நடந்து விடப் போகிறது என்று நினைக்கிறீர்களா?

டிராக்டர் வரப்பில் ஏறும்போது கவிழலாம். கதிரடிக்கும் இயந்திரத்தில் கை மாட்டலாம். அரிவாள் விரலை வெட்டலாம். தென்னை மரத்தில் இருந்து தவறி விழலாம். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காய வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் வேகமாக ஏறும் பைக், சறுக்கி விடும்.

இப்படி அடிபடுகிறவர்களுக்கு, நீண்ட காலமாகவே பெரிய ஆஸ்பத்திரி என்றால், அது தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் தான். காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் உருவான கல்லூரி இது. நாகப்பட்டினம், அங்கிருந்து ஏறக்குறைய 80 கி.மீ., தூரம். வேதாரண்யம் இன்னும் தூரம். திருவாரூரில் 2010ம் ஆண்டிலும், நாகப்பட்டினத்தில் 2022ம் ஆண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்த பின், இந்த ஓட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும், வயலில் இருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உள்ள நேரம் இருக்கிறதே... அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் டாக்டர்கள் அல்ல. பக்கத்தில் இருப்பவர்கள் தான்!

உடைப்பை அடை!

ஆற்றில் வெள்ளம் வந்து, கரை உடைந்தால், ஊர்க்காரர்கள் முதலில் என்ன செய்வர்? மணல் மூட்டையைப் போட்டு உடைப்பை அடைப்பர். கரையை எப்படிப் பலமாகக் கட்டலாம் என்பதெல்லாம் அப்புறம் தான்!

நம் உடம்பும் அப்படித் தான். கல்லணையில் இருந்து ஆறுகளும், ஆறுகளில் இருந்து வாய்க்கால்களும் பிரிந்து வயலுக்குப் போகிற மாதிரி, இதயத்தில் இருந்து பெரிய குழாய்களிலும், அவற்றில் இருந்து சிறிய குழாய்களிலும் ரத்தம் ஓடுகிறது. பெரியவர்கள் உடலில், சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். 30 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு, 2 லிட்டரை விடச் சற்று அதிகம்; அவ்வளவு தான். அதனால், அப்பா தாங்குகிற ரத்த இழப்பை, பிள்ளையால் தாங்க முடியாது.

ரத்தம் கொட்டும் இடத்தில், சுத்தமான துணியை வைத்து, பலமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். 'நின்று விட்டதா' என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால், அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்த வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பக் கூடாது. உடலில் கம்பியோ, கத்தியோ குத்தி நின்றால், பிடுங்கக் கூடாது. உடைப்பை அடைத்துக் கொண்டிருப்பதே, சில சமயம் அந்தக் கம்பியாக இருக்கும்!

பைலட் வருகிறார்!

அடுத்து, 108. தமிழகத்தில், 2008ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய ஆம்புலன்ஸ் சேவை இது. போனுக்குக் காசு கிடையாது. இதன் டிரைவரை என்னவென்று அழைக்கின்றனர் தெரியுமா? பைலட்! அவருடன், பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவார்.

போனில் பதறிப் பேசினால், விமானமே வந்தாலும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே பெயரில் இரண்டு, மூன்று ஊர்கள் இருக்கும். எனவே, ஊர் பெயரோடு, பக்கத்துப் பெரிய ஊர், ரேஷன் கடை, ரைஸ் மில், வாய்க்கால் பாலம் என்று அடையாளம் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு அடி, பேசுகின்றனரா, மூச்சு விடுகின்றனரா என்று சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் வரை, போனை வைக்காதீர்கள். ஒருவர் மெயின் ரோட்டில் நின்று, வண்டிக்குக் கை காட்டினால், பல நிமிடம் மிச்சம்!

மூன்று வண்ணங்கள்

ஆஸ்பத்திரியில், முதலில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை என்பது தானே வழக்கம்? அவசரப் பிரிவில், அப்படி இல்லை. உடனே பார்க்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றால், சிவப்பு. சிறிது நேரம் பொறுக்கலாம் என்றால், மஞ்சள். நடந்து வந்து, 'கையில் சிராய்ப்பு' என்று சொல்பவருக்கு, பச்சை.

இந்த யோசனைக்கு, 200 ஆண்டு வயது! நெப்போலியன் படையில் இருந்த டொமினிக் லாரே என்ற டாக்டர், போர்க்களத்தில் தளபதியா, சிப்பாயா என்று பார்க்கவில்லை. யாருடைய காயம் மோசமோ, அவருக்கே முதல் சிகிச்சை அளித்தார். காயம்பட்டவர்களை வேகமாகத் தூக்கி வர, குதிரை வண்டிகளையும் ஏற்பாடு செய்தார். நம் 108க்கு, அவை கொள்ளுத் தாத்தா!

எனவே, அவசரப் பிரிவில் யாராவது உங்களுக்கு முன்னால் போனால், கோபப்படாதீர்கள். காத்திருக்கச் சொன்னால், உங்கள் காயம் சிறியது என்று சந்தோஷப்படுங்கள்.

சோளக் காட்டில் பிறந்த பாடம்

உள்ளே போனதும், டாக்டர்கள் முதலில் பார்ப்பது, உடைந்த காலை அல்ல. ஆங்கில எழுத்து வரிசைப்படி தான் பார்ப்பர். ஏ - மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா? பி - மூச்சு ஒழுங்காக வருகிறதா? சி - ரத்த ஓட்டம் சரியா? டி - மூளை வேலை செய்கிறதா, நினைவு இருக்கிறதா? இ - உடலில் வேறு எங்காவது மறைந்த காயம் இருக்கிறதா? எது வேகமாக உயிரைப் பறிக்குமோ, அதை முதலில் சரி செய்வர்.

இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 1976ம் ஆண்டு பிப்ரவரியில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு டாக்டர், சிறிய விமானத்தை ஓட்டி வந்தார். உள்ளே, மனைவியும், நான்கு குழந்தைகளும் இருந்தனர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், சோளம் விளையும் நாட்டுப்புறத்தில், விமானம் விழுந்து நொறுங்கியது. மனைவி இறந்து விட்டார். இருட்டில், குளிரில், அடிபட்ட குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு, ஒரு வண்டியை நிறுத்தி, சிறிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள் தான். ஆனால், இப்படிப்பட்டவர்களுக்கு எதை முதலில் செய்ய வேண்டும் என்ற பயிற்சி, அவர்களுக்கு இல்லை. தனக்கு நேர்ந்தது பிறருக்கு நேரக் கூடாது என்று எண்ணிய ஸ்டைனர், நண்பர்களுடன் சேர்ந்து, 1978ம் ஆண்டில், சிறு ஊர் டாக்டர்களுக்காக ஒரு பயிற்சியை ஆரம்பித்தார். இன்று, இந்தியா உட்பட 80க்கும் மேற்பட்ட நாடுகளில், அந்தப் பயிற்சி நடக்கிறது.

மறைக்காதீர்கள்!

சில காயங்களில், ஒரு சொட்டு ரத்தம் கூட வெளியே வராது. வயிற்றில் இடது பக்கம், விலா எலும்புக்கு அடியில் மண்ணீரல் இருக்கிறது. அது கிழிந்தால், வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்தால், விரிய இடமில்லாமல், மூளையை அழுத்தும். அடிபட்டு விழுந்தவர் எழுந்து நன்றாகப் பேசுவார். சிறிது நேரம் கழித்து வாந்தி எடுப்பார், தூக்கம் தூக்கமாக வரும் என்பார். அது தூக்கம் அல்ல, ஆபத்து! சி.டி., ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் உடனே அறுவை சிகிச்சை செய்வர்.

சைக்கிளில் இருந்து விழும்போது, ஹேண்டில்பார் வயிற்றில் குத்துகிறதா? மரத்தில் இருந்து விழுந்து, தலையில் அடிபடுகிறதா? 'அம்மா திட்டுவாங்க' என்று பயந்து, பலர் மறைத்து விடுகின்றனர். சட்டையை உதறிக் கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்குப் போய் விடுகின்றனர். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக் கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்... விழுந்தால், வீட்டில் சொல்லி விடுங்கள். திட்டு, ஐந்து நிமிடத்தில் முடிந்து விடும்!

துண்டான கை ஒட்டியது!

1962ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகே, 12 வயதுச் சிறுவன் ஒருவன், ஓடும் சரக்கு ரயிலில் தொற்றி ஏறப் பார்த்தான். வலது கை, தோளுக்குக் கீழே துண்டாகிப் போனது. ரொனால்ட் மால்ட் என்ற டாக்டரின் தலைமையில், ஒரு குழு அந்தக் கையை மீண்டும் பொருத்தியது. உலகிலேயே, துண்டான கையை வெற்றிகரமாக ஒட்டியது, அது தான் முதல் முறை! நரம்புகளை இணைக்க, பின்னர் மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, அந்தக் கைக்கு அசைவு திரும்பியது.

நம் சென்னையிலும், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், கைக்கென்றே தனிப்பிரிவை உருவாக்கினார் டாக்டர் ஆர்.வெங்கடசாமி.

துண்டான விரலை என்ன செய்வது? ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பையை, ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது. பட்டால், விரல் கெட்டு விடும்.

ஜூலை 16

2004ம் ஆண்டு ஜூலை 16ம் தேதி, கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், கீற்றுக் கூரையில் தீப்பிடித்தது. 94 குழந்தைகள் இறந்தனர். காயம்பட்டவர்களை, கும்பகோணம் மற்றும் தஞ்சாவூர் அரசு மருத்துவமனைகளில் சேர்த்தனர். இறந்த குழந்தைகள் இன்று இருந்திருந்தால், உங்கள் சித்தப்பா, சித்தி வயதில் இருந்திருப்பர்.

அதன் பின், தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை எடுக்க உத்தரவிட்டனர். உங்கள் வகுப்பறைக்குக் கான்கிரீட் கூரை இருக்கிறது. படிக்கட்டு அருகே தீயணைப்புக் கருவி தொங்குகிறது என்றால், அதற்குக் காரணம் அந்தக் குழந்தைகள். எவ்வளவு பெரிய டாக்டர்கள் இருந்தாலும், விபத்து நடக்காமல் தடுப்பதற்கு ஈடாகாது என்பதை, அவர்கள் நமக்குச் சொல்லிப் போயிருக்கின்றனர்.

தீக்காயம் பட்டால், பேனா மை, இட்லி மாவு, டூத் பேஸ்ட் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில், 20 நிமிடம் காட்டினால் போதும். பிறகு டாக்டரிடம் செல்லுங்கள்.

இதையும் தெரிஞ்சுக்கோங்க!

* அடிபட்டவருக்குத் தண்ணீர், சோடா கொடுக்காதீர்கள். மயக்கத்தில் இருந்தால், மூச்சுக் குழாய்க்குள் போய் விடும்.

* கழுத்து, முதுகில் அடிபட்டிருந்தால், தூக்கி உட்கார வைக்காதீர்கள். தீ, தண்ணீர் போன்ற ஆபத்து பக்கத்தில் இல்லாவிட்டால், ஆம்புலன்ஸ் வரும் வரை அசைக்காமல் வையுங்கள்.

* மோட்டார் கொட்டகையில் ஒருவருக்கு மின்சாரம் தாக்கினால், தொடாதீர்கள். பெரியவர்களைக் கூப்பிட்டு, மெயினை அணைக்கச் சொல்லுங்கள்.

* விபத்தில் உதவி செய்பவர், தன் பெயர், விலாசத்தைச் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2019ம் ஆண்டில் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. 'போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்' என்று ஒதுங்கும் மாமாவிடம், இதைச் சொல்லுங்கள்.

* அதே சட்டப்படி, 4 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும், பைக்கில் ஹெல்மெட் அணிய வேண்டும். அப்பாவுக்கு மட்டுமல்ல, பின்னால் உட்காரும் உங்களுக்கும் தான்!

* சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு, முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும், 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை, 2021ம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியது.

தஞ்சைத் தகவல்

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னருக்கு, மருத்துவத்தில் மிகுந்த ஆர்வம். 200 ஆண்டுகளுக்கு முன், கண் சிகிச்சை பெற்றவர்களின் விவரங்களை, கண்களின் வண்ணப் படங்களோடு குறித்து வைத்திருந்தனர். இன்று ஆஸ்பத்திரியில் நம் கட்டிலில் தொங்கும், 'கேஸ் ஷீட்' மாதிரி! அவை, சரஸ்வதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

கடைசியாக, ஒரு சின்ன வீட்டுப்பாடம். முகம் சுளிக்காதீர்கள், ஐந்தே நிமிட வேலை! ஒரு வெள்ளைத் தாளில், 108 என்று பெரிதாக எழுதுங்கள். அதன் கீழ், உங்கள் வீட்டுக்கு வழி காட்டும் அடையாளத்தையும், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதுங்கள். எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, சுவரில் ஒட்டி விடுங்கள். உங்கள் வீட்டில், முதலுதவிப் பிரிவு தயார்!