வண்டிச் செலவையும் சாகுபடிக் கணக்கில் எழுதுங்கள்!

உழவுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு, களையெடுக்க இவ்வளவு என்று நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதும் விவசாயிகள்கூட, விளைந்ததை விற்கப் போய்வரும் செலவை எழுதுவதில்லை. ‘பெட்ரோலுக்கு நூறு ரூபாய் ஆச்சு’ என்பதோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

திருவண்ணாமலை மாவட்டம், பெரணமல்லூர் வட்டாரத்தில் நெல், மணிலா, காய்கறிச் சாகுபடியோடு பட்டுத் தறியும் உண்டு. நெல்லுக்குச் சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், பட்டுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஆரணி என்று மக்கள் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். முன்பு பேருந்தையே நம்பியிருந்த வீடுகளில் இன்று இருசக்கர வாகனம் நிற்கிறது. முகூர்த்த நாள்களில் ஆரணிக் கடைத்தெருவில் பட்டு எடுக்க வரும் கார்கள், சுமை வண்டிகள், பைக்குகள் எல்லாம் சேர்ந்து நகர இடமில்லாமல் போகிறது. அந்த நெரிசலில் கரைவது விவசாயியின் காசும் நேரமும்தான்.

பைக்கின் உண்மைச் செலவு

சந்தை 20 கி.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். போக வர 40 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் வண்டிக்கு, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் கி.மீ.க்கு 2 ரூபாய் 20 காசு. ஆயில், டயர், பிரேக், காப்பீடு எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50 காசு. 90,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி 60,000 கி.மீ. ஓடியபின் 30,000 ரூபாய்க்குப் போனால், தேய்மானம் கி.மீ.க்கு 1 ரூபாய். ஆக, கி.மீ.க்கு 3 ரூபாய் 70 காசு. ஒருமுறை சந்தைக்குப் போய்வர ஏறத்தாழ 150 ரூபாய். மூட்டை ஏற்றி, நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்ந்தால் இன்னும் கூடும்.

பேருந்தின் உண்மைச் செலவு

2018 ஜனவரியில் மாற்றியமைக்கப்பட்ட கட்டணப்படி, புறநகர் சாதாரணப் பேருந்துக்கு கி.மீ.க்கு 58 காசு. நிலைக்கு நிலை சற்றுக் கூடக் குறைய இருந்தாலும், போக வர 30 ரூபாய்க்குள் முடியும். சாதாரண கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

150-க்கும் 30-க்கும் வித்தியாசம் 120 ரூபாய். வாரம் ஒருமுறை போனால் ஆண்டுக்கு 6,240 ரூபாய்.

அதற்காகப் பேருந்துதான் எப்போதும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. எட்டு மணி நேர வேலைக்கு 480 ரூபாய் கூலி என்றால், ஒரு மணிக்கு 60 ரூபாய். பேருந்தால் 2 மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக வீணானால், மிச்சம் பிடித்த 120 ரூபாயும் போய்விடும். அந்த ஊருக்கு பைக்தான் கட்டுப்படியாகும். 2 மணிக்குள் முடிந்தால் பேருந்தே லாபம். கூலியும் தூரமும் ஊருக்கு ஊர் மாறும். அவரவர் கணக்கை அவரவர் போட்டுப் பார்க்க வேண்டும்.

எதற்கு எது?

*தறிக்காரர்களுக்கு:* நெய்த சேலையைக் கொடுத்துவிட்டுப் பட்டும் ஜரிகையும் வாங்கி வருவது எடை குறைந்த, மதிப்பு மிகுந்த சுமை. மழையில் பைக்கில் நனையவிடுவதைவிடப் பேருந்தே பாதுகாப்பு.

*ஒரு கூடைக் காய், கீரை என்றால்:* அதிகாலை முதல் பேருந்து. வீட்டுக்கு ஒருவர் போனால் போதும். இருவர் போனால் இருவர் நேரமும் செலவுதான். மகளிர் சுய உதவிக் குழு அடையாள அட்டை பெற்றவர்கள், தங்கள் குழு உற்பத்திப் பொருள்களை 25 கிலோ வரை, 100 கி.மீ. தூரத்துக்கு அரசுப் பேருந்தில் கட்டணமின்றி எடுத்துச் செல்லும் வசதியும் வந்திருக்கிறது.

*மூட்டைக் கணக்கில் இருந்தால்:* தனித்தனியாக பைக்கில் கட்டிக்கொண்டு போவது நஷ்டம், ஆபத்தும்கூட. ஒரு மூட்டைக்கு 150 ரூபாய் விழுகிறது. ஐந்து பேர் சேர்ந்து ‘குட்டி யானை’ பிடித்தால், 50 கிலோ மூட்டை 15 ஏறும். வாடகை 1,200 ரூபாய் என்றாலும் மூட்டைக்கு 80 ரூபாய்தான். ஐந்து பைக்குகள் போக வேண்டிய தெருவில் ஒரே வண்டி போகும். நெரிசலும் அந்த அளவுக்குக் குறையும். கூட வருபவர் ஒருவர் போதும், மற்ற நால்வரும் வயலில் இருக்கலாம்.

*அவசரத்துக்கு:* நோயாளி, சினை மாட்டுக்கு மருந்து, நின்றுபோன மோட்டாருக்கு உதிரிப் பாகம். இதற்கெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டாம். வண்டி வீட்டில் இருப்பதே இதற்காகத்தான்.

பேருந்து வராத ஊர் என்ன செய்வது?

காலியாக ஓடும் பேருந்து நின்றுபோகும். பேருந்து நின்றுபோனால் ஆளுக்கொரு பைக் வரும். பைக் பெருகினால் கடைத்தெரு அடைத்துக்கொள்ளும், எஞ்சியிருக்கும் பேருந்தும் நேரத்துக்கு வராது. இந்தச் சுழலில் முதலில் சிக்குபவர்கள் வண்டி ஓட்டத் தெரியாத முதியோரும், பள்ளி, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும்தான்.

நேரம் பொருந்தாத பேருந்து இருந்தால், எத்தனை மணிக்கு எத்தனை பேர் எங்கே போகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வைத்து, அந்தப் பட்டியலோடு மனுக் கொடுப்பது நல்லது. கிராம சபைத் தீர்மானமாகவும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். புதிய விரிவான மினி பேருந்துத் திட்டம் 2025 ஜூனில் தொடங்கப்பட்டது. பேருந்து போகாத ஊர்களை இணைக்க, 25 கி.மீ. வரையிலான வழித்தடங்களுக்கு இதில் அனுமதி உண்டு. வழித்தடம் பற்றி ஆரணி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்கலாம். ‘பஸ் வேண்டும்’ என்று மட்டும் எழுதிய மனுவைவிட, ‘காலை 5 மணிக்கு 30 பேர் காய் கொண்டுபோகிறோம்’ என்று எழுதிய மனுவுக்கு வலு அதிகம்.

அடுத்த முறை சந்தைக்குக் கிளம்பும்போது நோட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: போன தூரம், ஆன செலவு, போன நேரம். ஒரு போகம் முடிந்து கூட்டிப் பார்த்தால், விளைச்சலில் எத்தனை மூட்டை சாலையிலேயே போனது என்று தெரிந்துவிடும்.