நாழிகை வழி

"நாழிகை வழி" என்பது நம் பழைய வழக்கு. ஒரு நாழிகைப் பொழுதில் ஒருவன் நடந்து கடக்கும் தொலைவுக்கு முன்னோர் இட்ட பெயர் அது. அவர்கள் காலத்தைக் கொண்டே தூரத்தை அளந்தனர். கால்நடையாகச் செல்வோனுக்கு அவ்வளவை பொருந்தும். வானூர்தி ஏறுவோனுக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் எண்ணத் தக்கது.

தேசப்படத்தை விரித்து நோக்குக. பலாலி விமானத் தளத்துக்கு ஏறக்குறைய நேர் வடக்கே மீனம்பாக்கம் உள்ளது. இடைத்தொலைவு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர். நாழிகைக்கு 24 நிமிடமாகக் கணக்கிட்டால், சிறிய விமானமும் நான்கு நாழிகைக்குள் சென்றுவிடும்.

இவ்வழி புதியதன்று. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறைக்கு அணித்தான பலாலியில் இறங்கியே சென்னைக்குச் சென்றது. பின்னர் அவ்வழி அற்றது. போர்க்காலத்திற் பலாலி படைத்தளமாயிற்று.

அதன்பின் சென்னை செல்லும் யாழ்ப்பாணத்தார் பட்ட பாட்டைக் கேண்மின். வடக்கே போக வேண்டியவர் முதலில் தெற்கே கட்டுநாயக்காவுக்கு 350 கிலோமீற்றருக்கு மேல் தரைவழியே செல்வர். அங்கிருந்து வடக்கு நோக்கிச் சுமார் 645 கிலோமீற்றர் பறப்பர். கட்டுநாயக்காவையும் மீனம்பாக்கத்தையும் இணைத்து ஒரு கோடு இழுத்தால், அது நம் குடாநாட்டின் மேலாகவே செல்லும்!

2018ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, சென்னையில் வாழ்ந்த என் தமக்கையார் காலமானார் என்னும் செய்தி வந்தது. பிரயாண அனுமதி முன்னரே கையில் இருந்தது. இரவுப் பேருந்தில் கட்டுநாயக்கா சென்று, மறுநாள் நண்பகல் விமானம் ஏறினேன். சிறிது நேரத்தில் யன்னல் வழியே கீழே கடல்நீரேரியும் பனந்தோப்புகளும் தெரிந்தன. முந்திய மாலை நான் விட்டுப் புறப்பட்ட ஊர் அது. சென்னை சேர்ந்தபோது ஈமக்கடன் முடிந்திருந்தது. தமக்கையாரின் முகத்தை நான் காணவில்லை.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் நின்று, 2022 டிசெம்பர் 12இல் மீண்டது. 2025 மார்ச்சிலே திருச்சிராப்பள்ளிக்கும் விமானம் விடப்பட்டது. அவ்வூர் பலாலியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீற்றரே, கொழும்பினும் அணித்து.

மாணாக்கர் தூரத்தை வேகத்தால் வகுத்துக் காலம் காண்பர். அக்கணக்கு வழி திறந்திருக்கும் வரையில் மெய். அடைபட்டால், நான்கு நாழிகைப் பயணம் ஓர் இரவும் பகலுமாக நீளும். கடலின் அகலம் 1947இல் இருந்ததே இன்றும் உளது. கூடியும் குறைந்தும் வந்தது மனிதர் வகுத்த காலமே. மீண்ட வழி இனியேனும் அடைபடாதிருப்பதாக.