பழைய கணிப்பொறி: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கூலிப் பட்டுவாடா நாட்களில் நம் சங்கக் காரியாலயத்துக்கு வரும் அங்கத்தினர்கள் நெடுநாளாக ஒரு குறையைச் சொல்லி வந்தார்கள். காலையில் விசையைப் போட்டால் கணிப்பொறி வேலைக்குத் தயாராக அரை மணி நேரம் ஆகிறது. அதுவரை பாவு வாங்க வந்தவரும் கூலி வாங்க வந்தவரும் திண்ணையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தண்டலம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், பெட்டியைத் திறந்தும் பாராமல், “2014-ல் வாங்கியதா? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டார். நிர்வாகக் குழு இரண்டு கூட்டங்களில் இதை விவாதித்தது. இதே கேள்வி பிற சங்கங்களிலும் எழுந்திருக்கும் என்பதால், நாம் ஆராய்ந்தறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

விழுது அறுந்தால் தறியையே மாற்றும் நெசவாளர் எவரும் இல்லை. பம்புசெட்டு மோட்டாரில் காயில் எரிந்தால் விவசாயி காயில் கட்டிக் கொள்கிறாரேயன்றி, கிணற்றைத் தூர்ப்பதில்லை. கணிப்பொறியும் பல உறுப்புகள் கூடிய இயந்திரமே. ஆனால் அது மூடிய பெட்டிக்குள் இருப்பதால், எந்த உறுப்பு பழுது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

மெதுவாக ஓடும் கணிப்பொறியில் பெரும்பாலும் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். அதனுள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. வேண்டிய தகவல் இருக்கும் இடம் சுற்றி வரும்வரை, படிக்கும் முனை காத்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு அது ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு அளவே. எனினும் கணிப்பொறி தொடங்குகையில் அவ்வாறு பல்லாயிரம் தடவை தேட வேண்டியிருப்பதால், காத்திருப்பு நிமிடக் கணக்கில் வளர்கிறது. தட்டு தேய்ந்துவிட்டால் படித்ததையே மறுபடி மறுபடி படிக்க முயன்று மேலும் தாமதிக்கும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பில் சுழலும் பாகமே இல்லை. தேடும் நேரம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பழைய பெட்டியிலும் அதே ‘சாட்டா’ இணைப்பில் அதைப் பொருத்தலாம். 4 ஜி.பி. மெமரியை 8 ஆக உயர்த்துவதும் பயன் தரும். ஆனால் 2014 காலத்துப் பெட்டிகள் பெரும்பாலும் டி.டி.ஆர்.3 வகையை ஏற்பவை. டி.டி.ஆர்.4 அட்டை அதில் நுழையாது. வகை பார்த்து வாங்குக.

இவற்றைவிடச் சிறிய பழுதுகள் சில, பெரிய நோய் போலத் தோற்றம் தரும். நம் பெட்டியில் நடந்ததைச் சொல்கிறோம். ஒருநாள் சிக்கனச் சேமிப்பு ரசீதுகள் பன்னிரண்டில் தேதி பல ஆண்டு பின்னே அச்சாகியிருந்தது. கணக்கர் செய்த தவறென்று கருதிச் சிலர் அவரைக் கடிந்தும் கொண்டார்கள். காரணமோ, மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சி.ஆர்.2032 என்னும் நாணய அளவுப் பாட்டரி தீர்ந்து போனதுதான். மின்சாரம் நின்றதும் கணிப்பொறி தேதியை மறந்துவிடுகிறது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் அந்தப் பாட்டரியை மாற்றியதும் குறை தீர்ந்தது. கணக்கரிடம் குழு வருத்தம் தெரிவித்தது. அடிக்கடி தானே அணைந்து போவதற்கு விசிறியில் அடைந்த தூசு காரணமாகலாம். பஞ்சும் நூலும் பறக்கும் இடத்தில் இது சாதாரணம். திரை வெறுமையாய் நின்றால், மெமரி அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் துடைத்துப் பொருத்திப் பாருங்கள். மின்வெட்டில் உடனே நின்றால் பழுது யு.பி.எஸ். பாட்டரியில்; அது சில ஆண்டுகளே உழைக்கும்.

மதர்போர்டே கெட்டால் கதை வேறு. அதன் மேலுள்ள சிறு உருளைக் கப்பாசிட்டர்கள் தலை புடைத்து நின்றால், பழைய வகை மதர்போர்டைத் தேடிச் சென்னை ரிச்சி தெருவில் அலைவது வீண் செலவென்பது நம் கருத்து. பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியை எட்டினாலும் அவ்வாறே. ஸ்ரீபெரும்புதூரிலேயே டெல் கம்பெனி 2007-ல் தொழிற்சாலை தொடங்கிற்று. அதனால் நமக்கு உதிரி பாகம் வாசலில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்!

பாகங்கள் யாவும் நன்றாயிருந்தும் பெட்டியின் ஆயுளை முடிக்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு. 2015-ல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நின்றன. அன்றோடு கணிப்பொறி ஓடாமற் போகவில்லை. ஆனால் இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லு வேண்டும். ஏறத்தாழ 2017 பிற்பகுதிக்கு முந்திய இன்டெல் பிராசஸர்களை அது ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருவோர் உண்டு. அங்கத்தினர் பணம் புழங்கும் பெட்டிக்கு அது தகாது. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி மூன்றாண்டு வரை திருத்தங்களை நீட்டித்துக் கொள்ளலாம். முதலாண்டுக் கட்டணம் ஒரு கணிப்பொறிக்கு 61 டாலர் என அறிவிக்கப்பட்டது, பின் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். சென்னை சி-டாக் நிலையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இலவசமானது, தமிழும் அறிந்தது. உங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமானால் அது உதவாது. முதலில் அதை விசாரியுங்கள்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ரூ. 2,516 கோடியில் கணினிமயத் திட்டம் வகுத்தது. 63,000 சங்கங்களை அது கருதியது. நம்மைப் போன்ற நெசவாளர் சங்கமோ தன் நிதியிலிருந்தே செலவு செய்ய வேண்டும். அது அங்கத்தினரின் பணம். ஆகவே குழு இப்படி முடிவு செய்தது: பழைய பெட்டிக்கு எஸ்.எஸ்.டி.யும் மெமரியும் பொருத்தினோம்; புதியதன் விலையில் சிறு பங்கே செலவாயிற்று. இப்போது அது ஒரு நிமிடத்துக்குள் தயாராகிறது. இணையத்தை அதிலிருந்து துண்டித்துவிட்டோம். நூல் இருப்பு, பாவு வழங்கல், டிசைன் அச்சு ஆகியவை அதில் நடக்கின்றன. வங்கிக்குக் கூலிப் பணம் அனுப்பும் ஒரு வேலைக்கு மட்டும் விண்டோஸ் 11 ஓடும் புதுக் கணிப்பொறி ஒன்று வாங்கினோம். இரண்டையும் புதிதாக வாங்கியிருந்தால் இவ்வாண்டு போனஸில் கை வைக்க நேர்ந்திருக்கும். 2025 பிற்பகுதி முதல் மெமரி விலை உலகெங்கும் ஏறியிருப்பதால், மூன்று கடைகளிலாவது எழுத்து மூலம் விலைப்புள்ளி வாங்குவது நலம்.

பழுது பார்க்கக் கொடுக்குமுன் கணக்குகளுக்கு இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று காரியாலயத்துக்கு வெளியே இருக்கட்டும். நம் கடைக்காரர் சொற்படி அன்றே பெட்டியைக் கொடுத்திருந்தால், முந்நூறு அங்கத்தினரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அதனுடன் போயிருக்கும். அழித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் கோப்புகளைத் தேர்ந்தவர் மீட்டெடுக்க முடியும். கழற்றிய டிஸ்க்கைக் காரியதரிசி பூட்டி வைத்திருக்கிறார். அடுத்த குழுக் கூட்டத்தில் உறுப்பினர் முன்னிலையில் அதில் துளையிட்டு, மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைத்து, ரசீதைக் கோப்பில் சேர்ப்போம்.