பட்டறைத் தூசியைப் பிடிக்கும் பெட்டி
பழைய பொருள்களைக் கொண்டு நாமே செய்யலாம்

ரப்பர் மரம், பால் தரும் காலம் முடிந்த பிறகும் நமக்குப் பயன் தருவதை நிறுத்துவதில்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் வளர்ந்த மரங்களை மறுநடவுக்காகச் சாய்க்கும்போது, முன்னாளில் அவை பெரும்பாலும் விறகாகவே போயின; ஷீட் உலர்த்தும் புகைவீட்டிலும் செங்கற் சூளையிலும் எரிந்து சாம்பலாயின. போரக்ஸ் கலந்த கரைசலை மரத்தினுள் செலுத்திப் பூச்சியையும் பூஞ்சணத்தையும் தடுக்கும் முறை பரவிய பின்னர், அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் கடல் கடந்து செல்லலாயிற்று. ஜொகூர் மாநிலத்தின் மூவார் வட்டாரம் இத்தொழிலில் பெயர் பெற்றது.

இத்தொழிலின் சிறு சாயலைத் தோட்டங்களிலும் காணலாம். காலையில் மரம் சீவி முடித்தவர், பிற்பகலில் வீட்டின் பின்புறம் ஒரு சாய்ப்பு இறக்கி, வட்ட ரம்பமும் பலகை தேய்க்கும் இயந்திரமும் வைத்துக்கொண்டு, அலமாரி, கட்டில், கோழிக்கூடு என்று செய்து கொடுப்பார். நல்ல உபவருமானம், பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் மழைக்கும், அண்டை வீட்டாருக்குச் சத்தம் கேட்காதிருப்பதற்கும் அச்சாய்ப்பின் பக்கங்களை அடைத்துவிட்டால், உள்ளே எழும் மரத்தூசிக்கு வெளியேற வழி இராது. பலகைச் சுவருக்கு அப்பால் குழந்தைகள் உறங்கும் அறை இருக்குமானால், வேலையே செய்யாத அவர்களும் அத்தூசியைச் சுவாசிக்கிறார்கள்.

தரையில் குவியும் மரத்தூளைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். உண்மையில் அஞ்ச வேண்டியது அதனை அன்று. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். நம் தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ரம்பம் உதிர்க்கும் பெருந்துகள்கள் சில விநாடிகளில் தரையில் விழுந்துவிடும். 10 மைக்ரான் அளவுள்ள துகளோ, அசையாத காற்றிலேயே ஒன்றரை மீட்டர் உயரம் இறங்குவதற்குச் சுமார் எட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஒரு மைக்ரான் துகளுக்கு அதே தொலைவு இறங்க ஏறத்தாழ 12 மணி நேரம் வேண்டும். ஆகவே மாலை ஆறு மணிக்கு இயந்திரத்தை நிறுத்திக் கதவைச் சாத்தினாலும், கண்ணுக்குத் தெரியாத தூசி நள்ளிரவிலும் அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். மூக்கின் மயிர்களைக் கடந்து நுரையீரலின் உட்பகுதி வரை செல்லக்கூடியதும் இதுவே.

மரத்தூசி, தும்மலையும் ஆஸ்துமாவையும் உண்டாக்குவதோடு நிற்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 1995-ஆம் ஆண்டில் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நெடுங்காலம் மரத்தூசியில் உழைத்தவர்களின் மூக்குக் குழிவிலும், அதனைச் சார்ந்த காற்றறைகளிலும் அந்நோய் காணப்பட்டதே அம்முடிவுக்கு அடிப்படை. தொழிற்சாலையில் பணிபுரிவோரைக் காக்க 1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. வீட்டுச் சாய்ப்பில் நமக்கு நாமே முதலாளி. காற்றைக் கவனிக்கும் பொறுப்பும் நம்முடையதே.

இனி, பெட்டியைப் பற்றிக் காண்போம். இதன் தத்துவம் மிக எளிது. ஒரு விசிறி அறைக் காற்றை வடிகட்டியின் வழியாக இழுத்து, தூய்மையான காற்றை மறுபடியும் அறைக்குள் விடுகிறது. 2020-ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்று பரவியபோது, அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் என்னும் இருவர், நான்கு வடிகட்டிகளைச் சதுரமாக நிறுத்தி, மேலே ஒரு சாதாரண மின்விசிறியை வைத்து, ஒட்டுப் பட்டையால் இணைக்கும் முறையை உலகறியச் செய்தனர். பள்ளி வகுப்பறைகளில்கூட அது பயன்பட்டது. நமது பட்டறைக்கு அதைவிட உறுதியான ஒன்று தேவை.

பழைய இரும்புக் கடையில் எதைத் தேடுவது? மேசை மின்விசிறியின் இறக்கை திறந்த வெளியில் நன்றாக வீசும்; எதிரே தடை ஒன்று வந்தால் சோர்ந்துவிடும். அணில் கூண்டைப் போன்ற உருளை வடிவ விசிறியே தடையை மீறிக் காற்றை இழுக்கவல்லது. நகர வீடுகளின் சமையல் அடுப்புக்கு மேல் பொருத்தப்படும் புகையுறிஞ்சியில் இவ்வகை விசிறி, உறையோடும் மோட்டாரோடும் சேர்ந்தே இருக்கும். கழற்றுவது எளிது. மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை இழுக்கும் என்பதும் பெரும்பாலும் அதன் தகட்டில் குறிக்கப்பட்டிருக்கும். குளிரூட்டியின் விசிறியும் நல்லதுதான். ஆனால் அதனுள் அழுத்தத்தில் அடைபட்ட வாயு இருப்பதால், தொழில் அறியாதவர் அதன் குழாயை அறுக்க முற்படலாகாது. புகையுறிஞ்சியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்கார நீரால் முற்றிலும் போக்க வேண்டும். மோட்டாரில் நீர் படாமல் துணியால் துடைப்பதே முறை. எண்ணெயும் மரத்தூசியும் சேர்ந்தால் எளிதில் தீப்பற்றும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மோட்டாரோடு இணைந்த சிறிய உருளை, மின்தேக்கி ஆகும். அது மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் மின்சாரத்தைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும். அதன் முனைகளை விரலால் தொடுதல் ஆகாது. அதனை வீசி எறிந்துவிடவும் கூடாது. அது இன்றி மோட்டார் சுழலாது. புதிய மூன்று கம்பி வடமும், மூன்று முனை பிளக்கும் பொருத்துங்கள். விசிறியின் உலோக உறையோடு எர்த் கம்பியைத் திருகி இறுக்குவது இன்றியமையாதது. பிளக்கில் வழக்கமாக வரும் 13 ஆம்பியர் பியூஸ் இச்சிறு மோட்டாருக்கு மிகையானது. 3 ஆம்பியர் போதும். இவ்வேலையில் பழக்கமில்லாதவர், மின்பணியாளர் ஒருவரிடம் காட்டிய பின்னரே பெட்டியை ஓடவிட வேண்டும்.

பெட்டிக்கு உடைந்த அலமாரியின் பிளைவுட் பலகைகள் போதுமானவை. பழைய கூரைகளிலிருந்து கழற்றிய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் அறுக்காதீர்கள். மரத்தூசிக்கு அஞ்சி அதனினும் கொடிய தூசியை வரவழைத்தவராவோம். வடிகட்டியையும் பழையதாக வாங்குதல் கூடாது. பிறர் கழித்த வடிகட்டியில் என்ன படிந்திருக்கிறதென்று யாரறிவார்? செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றே.

மடிப்பு மடிப்பாக அமைந்த வடிகட்டியே வேண்டும். அமெரிக்க அளவுமுறையில் ‘மெர்வ் 13’ எனக் குறிக்கப்பட்டது நமக்குப் பொருந்தும். 1 முதல் 3 மைக்ரான் வரையுள்ள துகள்களில் 85 விழுக்காட்டையேனும், அதற்கு மேல் 10 மைக்ரான் வரையுள்ளவற்றில் 90 விழுக்காட்டையேனும் அது பிடித்துவிடும். மிச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டா; அதே காற்று மீண்டும் மீண்டும் பெட்டிக்குள் வந்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் பலரும் சிக்கனம் பார்த்துக் கெடுக்கிறார்கள். விசிறி பெரிதாக இருந்தால் போதும், வடிகட்டி சிறிதாக இருக்கலாம் என்று எண்ணுகிறார்கள். நேர்மாறாகச் செய்வதே அறிவுடைமை. கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள சாய்ப்பில் 48 கன மீட்டர் காற்று அடங்கும். தகட்டில் 600 கன மீட்டர் என்றிருக்கும் விசிறி, வடிகட்டியின் தடையால் 400 மட்டுமே இழுப்பதாகக் கொண்டாலும், மணிக்கு எட்டு முறைக்கு மேல் அறைக் காற்று முழுவதும் பெட்டிக்குள் சென்று திரும்பும். அது போதுமானது. ஆனால் அவ்வளவு காற்றும் 30 சென்டிமீட்டர் சதுர வடிகட்டி ஒன்றின் வழியே செல்ல வேண்டுமாயின், விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். மோட்டார் திணறும், வடிகட்டி விரைவில் அடைபடும். 60 சென்டிமீட்டர் சதுரத்தில் இரண்டு வடிகட்டிகளை வைத்தால், வேகம் விநாடிக்கு 15 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். தடை குறையும், சத்தம் குறையும், வடிகட்டியும் நெடுநாள் உழைக்கும்.

ஆகவே பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் கொண்ட கனசதுரப் பெட்டி செய்து, எதிரெதிரான இரு பக்கங்களில் வடிகட்டிகளையும், மேற்பலகையில் விசிறியையும் பொருத்துவது நல்லது. வடிகட்டியின் சட்டத்திலுள்ள அம்புக்குறி பெட்டியின் உட்புறத்தைக் காட்ட வேண்டும். தூசி முதலில் வடிகட்டியைச் சந்தித்து, தூய காற்றே விசிறியை அடைய வேண்டும். மாற்றி அமைத்தால் மோட்டாருக்குள் தூசி புகுந்து சூடேறும். வடிகட்டிகளுக்கு வெளியே துவைக்கக்கூடிய மெல்லிய பஞ்சு விரிப்பு ஒன்றைக் கட்டினால், பெருந்தூளை அது தாங்கிக்கொள்ளும்.

மூலைகளையும் இணைப்புகளையும் அலுமினிய ஒட்டுப் பட்டையால் மூடுங்கள். பின்னர் விசிறியை ஓடவிட்டு, புதுப் பெட்டியில் தூசி படியுமுன் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி இணைப்புகளின் ஓரமாகக் கொண்டு செல்லுங்கள். புகை எந்த இடுக்கில் இழுக்கப்படுகிறதோ, அங்கே ஓட்டை இருக்கிறது. தடையுள்ள வடிகட்டியை விட்டுத் தடையற்ற ஓட்டையின் வழியே செல்வதே காற்றின் இயல்பு.

பெட்டியைப் பக்கச் சுவரோரம், மார்பளவு உயரமுள்ள உறுதியான மேடையில் வையுங்கள். ரம்பத்துக்கும் பெட்டிக்கும் இடையே நாம் நிற்கலாகாது; தூசி நம் முகத்தைக் கடந்தே பெட்டிக்குச் செல்லும். வேலை முடிந்ததும் அரைமணி நேரமேனும் அருகில் இருந்து ஓடவிட்டு, பிறகு நிறுத்துங்கள். இரவு முழுதும் கவனிப்பாரின்றி ஓடவிடுதல் வேண்டா.

இப்பெட்டி எல்லாவற்றுக்கும் மருந்தன்று. ரம்பம் சுழலும் நேரத்தில் நம் மூக்கருகே எழும் தூசியை இது தடுக்காது. அதற்கு என்95 முகக்கவசம் வேண்டும். சாய ஆவி, தின்னர் ஆவி, பசையின் நெடி ஆகியவை வடிகட்டியில் தங்கமாட்டா. சாயம் தெளிக்கும்போது பெட்டியை ஓட்டவே கூடாது. கத்தி தீட்டும் தீப்பொறி, மரத்தூசி படிந்த வடிகட்டிக்குள் சென்றால் உள்ளுக்குள்ளே கனன்று, யாருமில்லாத நேரத்தில் பற்றிக்கொள்ளும். இரும்பு வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டமுள்ள திறந்த சாய்ப்பு உடையவருக்கு, எம் கருத்தில், இப்பெட்டியே தேவையில்லை. காற்றுக்கு முதுகு காட்டி நின்று வேலை செய்தால் பெரும்பகுதி தூசி தானாகவே அகன்றுவிடும்.

மற்றொரு பயனும் உண்டு. 2013 ஜூன் மாதத்தில் புகைமூட்டத்தால் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி, அங்கு அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாள்களில், புதிய வடிகட்டி மாட்டிய இதே பெட்டியைச் சன்னல்கள் சாத்திய அறைக்குள், வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில் இயக்கலாம். பட்டறையில் உழைத்த வடிகட்டியோடு அதனை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டா.

விசிறியின் வாயில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். அது முன்போல் பறக்காமல் தொங்கத் தொடங்கினால், வடிகட்டியை மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம். தட்டி உதறியோ, நீரில் கழுவியோ பழையதை மீண்டும் மாட்டுவது பயன் தராது. முகக்கவசம் அணிந்து, வெளியில் வைத்து மெல்லக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், எரிக்க வேண்டா.