ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா? சட்டம் அந்தக் கேள்வியைத் தாண்டி வந்த கதை

ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது, 'தடை போட்டா முடிஞ்சுது' என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஏன் ரத்து?

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. கைக்கு வரும் சீட்டு அதிர்ஷ்டம். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பது திறமை. ஆனால் அது கிளப்பில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடியவர்கள் பற்றிய வழக்கு. கிளப்பை ராத்திரி பூட்டிடுவாங்க. செல்போனை யார் பூட்டுவது?

நீதிபதி கே.சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு வந்த இரண்டாவது சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. அதுவும் ரம்மி, போக்கரை 'அதிர்ஷ்ட விளையாட்டு' என்றே பட்டியலிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பட்டியல் செல்லாது என்றது உயர் நீதிமன்றம். ஆனால் வயது, நேரம் போன்றவற்றில் கட்டுப்பாடு வைக்கலாம் என வழியும் விட்டது.

இரவுப் பூட்டு

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் விதிமுறைகளை வெளியிட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஆடக் கூடாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழையவே முடியாது. ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஆடினால், அரை மணிக்கு ஒருமுறை 'இவ்வளவு நேரமா ஆடுறீங்க' என்ற எச்சரிக்கை திரையில் வரவேண்டும். ஆட்டம் திறமையா என்று இந்த விதிகள் கேட்கவே இல்லை. ஆடுகிறவருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்த்தன. கம்பெனிகள் வழக்குப் போட்டும், ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றுக்கொண்டது.

தீர்ப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுக்கும் தடை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இரவுப் பூட்டு பலன் தந்ததா என்று அளந்து பார்த்திருக்கலாம். அவகாசமே கிடைக்கவில்லை.

ஆடினால் தண்டனையா?

இல்லை. மத்தியச் சட்டப்படி, நடத்துபவருக்குத்தான் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவரைப் பாதிக்கப்பட்டவராகவே சட்டம் பார்க்கிறது. அதனால், வெளிநாட்டிலிருந்து இயங்கும் ஆப் எதிலாவது பணம் போயிருந்தால், 'நம்மளைப் பிடிச்சிடுவாங்களோ' என்று பயந்து புகார் கொடுக்காமல் இருக்க வேண்டியதில்லை. சைபர் குற்ற உதவி எண் 1930.