உங்களுக்குத் தெரியுமா? செத்த பறவையின் பெயரில் ஒரு திரை விருது

ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன பறவை மோவா. நியூசிலாந்தின் திரைப்பட விருதுக்கு அதன் பெயரையே சூட்டிவிட்டார்கள்! 'மோவாஸ்' என்பது அந்த விருதின் செல்லப்பெயர்.

● 2011 நவம்பரில் ஆக்லாந்து நகர மையத்தின் வையடக்ட் துறைமுகக் கரையில், புதுக் கட்டடத்தில், சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்து 'ஆட்டியரோவா' (நியூசிலாந்தின் மாவோரிப் பெயர்) விருது விழா நடந்தது. புதுப் பெயரில் அதுவே முதல் விழா. கடைசி விழாவும் அதுதான். அடுத்த ஆண்டே ரத்து.

● காலியான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவர்கள் இருவர்: தயாரிப்பாளர் ஆன்ட் டிம்ப்சன், ஊடகக்காரர் ஹியூ சன்டே. 2012இல் அவர்கள் தொடங்கிய திரைப்பட விழாதான் மோவாஸ். அதன் முதல் பெயரிலேயே 'ஒருமாதிரி அதிகாரபூர்வமற்ற' என்ற அடைமொழி இருந்தது. குறும்புதான்! டிம்ப்சனுக்கு இது புதிதல்ல. 48 மணி நேரத்தில் ஒரு குறும்படத்தை எடுத்து முடிக்கும் போட்டியை 2003இல் தொடங்கியவரும் அவரே.

● 2014 மோவாஸ் விழாவில் சிறந்த படம்: 'தி டார்க் ஹார்ஸ்'. மனநோயுடன் போராடியபடி ஏழைச் சிறுவர்களுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்த மாவோரி வீரர் ஜெனிசிஸ் பொட்டினியின் கதை. அவராக நடித்தவர் கிளிஃப் கர்ட்டிஸ். சதுரங்கப் பைத்தியம் பிடித்த சென்னைக்காரர்கள் தேடிப் பார்க்கலாம்.

● தொலைக்காட்சிக்கான தனி விருது விழா 2012இல் நடந்தது; பிறகு அது மீண்டும் வர 2017 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

● மோவாவுக்குச் சிறகின் சுவடுகூடக் கிடையாது. கழுத்தை நிமிர்த்தினால் பெரிய இனங்களின் உயரம் சுமார் 12 அடி.