ஆறு யாருடைய சொத்து?

இங்கிலாந்தின் நாட்டுப்புற ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி எழுதப்போனால், மீனைவிட நிலவுடைமையைப் பற்றியே அதிகம் எழுதவேண்டி வருகிறது. கடலின் வற்றுப்பெருக்கு எட்டாத ஆற்றுப் பகுதிகளில் மீன்பிடி உரிமை பொதுவாகக் கரை நிலத்தின் சொந்தக்காரருக்கே உரியது. எதிரெதிர்க் கரைகள் இருவருடையவை என்றால் நடு ஆறு வரை ஒருவருக்கு, அப்பால் மற்றவருக்கு. ஓடும் நீர் எவருடையதுமல்ல. அதில் தூண்டிலை இறக்கும் உரிமையோ விற்கவும் குத்தகைக்கு விடவும் கூடிய சொத்து. அரசின் அனுமதிப்பத்திரம் கையில் இருந்தாலும் அந்த உரிமை தானாக வந்துவிடாது.

மீன்களையும் இரண்டாக வகுத்திருக்கிறார்கள். சமனும் ட்றவுட்டும் ‘கேம்’, அதாவது வேட்டைக்குரியவை. றோச், பிறீம், பேர்ச் போன்றவை ‘கோர்ஸ்’, அதாவது கரடானவை. மீனுக்கும் சாதி உண்டு என்றால் எங்களவர்க்கு உடனே விளங்கும். ஹாம்ப்ஷயரின் ரெஸ்ற் ஆற்றில் 1822இல் தொடங்கிய ஹௌட்டன் கழகம் முதலாவது சாதிக்குரியது. செயற்கை ஈ நீரின் மேலே மிதக்கவேண்டுமா, கீழே அமிழலாமா என்பது இவ்வுலகில் ஒரு கோட்பாட்டுப் பிரச்சினை. மிதக்கவேண்டும் என்ற ஹல்ஃபோர்ட் 1914இல் இறந்தார். அமிழலாம் என்ற வழக்கறிஞர் ஸ்க்யூஸை அவருடைய வழிவந்தவர்கள் 1938இல் இலண்டனில் விவாதத்திற்கு இழுத்தார்கள். சிறுபத்திரிகைச் சண்டைகளை அறிந்தவர்களுக்கு இது புதினமாயிராது.

கரட்டு மீன் தொழிலாளருடையது. ஷெஃபீல்ட் போன்ற நகரங்களின் தொழிலாளர்கள் சந்தா சேர்த்துக் கழகம் அமைத்து, ரயிலேறிப் போய்த் தூண்டில் போட்டார்கள். இனப்பெருக்க காலத்தில் இம்மீன்களைப் பிடிப்பதைத் தடுத்த 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஷெஃபீல்டின் பாராளுமன்ற உறுப்பினர் முண்டெல்லா. இன்றும் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் கரட்டு மீனுக்குத் தடை. என்னோடு இயந்திரத்தில் நிற்கும் ஒருவர் ஜூன் 16இற்கான லீவை ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார். பிடித்ததை அவர் தின்பதில்லை. நிறுத்துப் பார்த்து, உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிடுவார்.

இடதுசாரிகளான எங்களுக்குச் சங்கடம் தருவது டேர்வென்ற் ஆற்று வழக்கு. டேர்பி நகரின் தூண்டில்காரர் கழகமொன்று அங்கே மீன்பிடி உரிமையை வைத்திருந்தது. ஒரு செயற்கைப்பட்டு ஆலையின் கழிவும், மாநகரசபையின் மலக்கழிவும், மின்நிலையத்தின் சுடுநீரும் மீன்களைக் கொன்றன. கழகம் மூவர் மீதும் வழக்குத் தொடுத்து வென்றது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் தடையாணையை உறுதிசெய்தது. பிரதிவாதிகளில் ஒன்று மக்கள் தெரிவுசெய்த மாநகரசபை. இன்னொன்று தேசியமயமாக்கப்பட்ட மின்சாரசபை. அவற்றை மறித்தது தனிச்சொத்துரிமை. அந்த உரிமை இல்லாதிருந்தால், வழக்காட அவர்களுக்கு என்ன ஆதாரம் இருந்திருக்கும்? பொதுவுடைமையை ஏற்கும் நண்பர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று அறிய விரும்புகிறேன்.